அதே சிலிண்டர்

1. வெள்ளம் வந்த அன்று அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஏரலில் எங்கள் கடை வாசலில் நின்றது. மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது.

2. அடுத்த ஆவணியில் நான் அதன் எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். சிலிண்டரை மட்டும் ஊரில் ஒரு லேத் பட்டறையில் உள்சுவரைக் கடைந்து போர் போடக் கொடுத்தேன். மற்ற எல்லாம் என் கைவேலை.

3. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், எஞ்சின் ஓடத் தொடங்கியது.

4. நாலு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, அப்பா தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போனார். பழையகாயல் உப்பளத்துப் பக்கம் எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகிக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் இழுத்தது. அப்பா விழுந்தார். பின்னால் உப்பு லாரி வந்தது.

5. அப்பாவின் இடது காலை முட்டிக்கு மேல் எடுத்தார்கள்.

6. மாமா லேத் பட்டறைக்குப் போய், போர் போட்டவர் மேல் பழி சொல்லி, தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.

7. நான் மறுக்கவில்லை.

8. தை மாதம் எஞ்சினை இரண்டாம் முறை பிரித்தேன். அதே சிலிண்டரை வைத்து மறுபடியும் பூட்டினேன். அதை ஓட்டிக் காட்டினேன்.

எட்டாவதைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அது மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் இயந்திரவியல் படித்தவள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் வேலை. எங்கள் வேலையில் எதற்கும் பட்டியல் உண்டு. பட்டியலில் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருக விடமாட்டார்கள். வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஊருக்குப் போகும்போது பைக்குள் என்ன வைக்கிறேன் என்பதற்கும் ஒரு தாள் வைத்திருப்பேன். அம்மாவுக்கு அது சிரிப்பு.

எஞ்சினைத் திறந்தபோது உள்ளே வண்டல் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல், அரைத்த மாவு போல மெல்லியது, பல்சக்கர இடுக்குகளில் காய்ந்து கட்டியாகியிருந்தது. அதைவிட மோசம், இரண்டு மூடிகள் சேருகிற அலுமினியப் பரப்பு முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. அந்தப் பரப்பில் நடுவே காகிதக் கேஸ்கெட் மட்டும் வைத்தால் ஆயில் ஒழுகும். அதனால் காய்ந்தால் ரப்பர் போலாகிற கேஸ்கெட் பேஸ்ட்டும் போட்டேன்.

துறைமுகத்தில் பேஸ்ட்டை நாங்கள் தாராளமாகப் போடுவோம். உப்புக் காற்றில் எந்தப் பரப்பும் ஒரு வருடத்துக்கு மேல் வழவழப்பாக இருப்பதில்லை. கிரேன் கியர்பாக்ஸ் மூடியின் விளிம்பு நாலு விரல் அகலம். போல்ட்டை இறுக்கும்போது சுற்றிலும் பேஸ்ட் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கினால்தான் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார். ஆறு வருடமாக என் கைக்கு அந்த அளவுதான் தெரியும். வண்டி எஞ்சின் மூடியின் விளிம்பு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். வெளியே வந்ததைத் துணியால் துடைத்தேன். சுத்தமாக இருந்தது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று பதினாலு வரி எழுதி வைத்திருந்தேன். ஒன்பதாவது வரி இது: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்திவிட்டு, அங்கே ஆயில் கசிகிற வரை கிக்கரை மிதிக்க வேண்டும். புதிதாகப் பூட்டிய எஞ்சினுக்குள் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிவிட்டதா என்பது அந்த ஒரு இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பின்கட்டில் மிதித்துக்கொண்டிருந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அப்பா இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சினியரு பூட்டுன வண்டி. இதுக்கு எதுக்குப் பழம்?" என்றார் அப்பா, குனிந்தபடியே.

"எஞ்சினியரா வந்து ரோட்டுல கூட நிப்பா? பேசாம வையுங்க" என்ற அம்மா, என் பக்கம் திரும்பினாள். "ஏளா, மணி பத்தேகாலு. பத்தரைக்கு ராகு காலம். என்னத்த மிதிச்சிக்கிட்டே கெடக்க? கெளம்பவே மாட்டேங்கே?"

"இன்னும் பிளக்கே போடலம்மா. ஆயில் மேல ஏறணும்."

"ஓடும்போது ஏறாதா?"

"ஏறும்."

"பெறவு என்ன?"

ஏறும் என்று நான் சொன்னது பொய்யில்லை. வழி திறந்திருந்தால் ஏறும். ஏழோ எட்டோ முறைதான் மிதித்திருந்தேன். போல்ட்டில் ஈரம் இல்லை. பிளக்கை மாட்டினேன், போல்ட்டை இறுக்கினேன். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா கை தட்டினார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அப்பா ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். சத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அன்று மாலை பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வரியோடு டிக் நின்றிருந்தது. பாதியில் நிற்கிற பட்டியலை என்னால் வைத்திருக்க முடியாது. ஏழு முதல் பதினாலு வரை ஒரே மூச்சில் டிக் போட்டேன். ஒன்பதுக்கும் போட்டேன். பேனா அங்கே நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என்னிடம் கேட்டார். மாமா அம்மாவின் தம்பி; எங்களுக்காக எதையும் செய்கிறவர், எதையும் யோசித்துச் செய்யாதவர்.

"ஏளா, நீ எல்லாத்தையும் ஒழுங்காத்தானே மாட்டுன?"

"மாட்டுனேன் மாமா."

"எழுதி வச்சிருப்பியே. ஒனக்குத்தான் எழுதாம சோறு எறங்காதே."

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். மாமா அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் அந்தப் படத்தோடு லேத் பட்டறைக்குப் போனார். அங்கே அவர் பேசியது எனக்கு மூன்று பேர் மூலம் வந்து சேர்ந்தது. மூன்று பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "பதினாலுக்குப் பதினாலு டிக்கு. படிச்ச புள்ள கைவேலை. நீரு என்னத்தவே போர் போட்டீரு? எங்க அத்தான் கால எடுத்துட்டீரே!"

போர் இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் சூட்டில் பெருத்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் இறுகும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காரணம் அதுதான். அதனால் எல்லோரும் நம்பினார்கள். பட்டறைக்கு வேலை வருவது குறைந்தது. இரண்டு மெக்கானிக்குகள் சிலிண்டரைத் திருச்செந்தூருக்குக் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள்.

லேத் அண்ணாச்சி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாசலுக்கு உள்ளே வரவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

"பாப்பா, அந்தச் சிலிண்டர நீயே தெறந்து பாரு. உள்ள ஒரு கீறல் விழுந்திருந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பு. நா பட்டறையப் பூட்டிருதேன். தெறக்காம ஒண்ணும் சொல்லாத."

"வண்டி இன்னும் போலீஸ் ஸ்டேஷன்லதான் நிக்கி அண்ணாச்சி."

அது உண்மை. அன்றைக்கு அந்த உண்மை எனக்கு வசதியாக இருந்தது.

வண்டி கார்த்திகைக் கடைசியில் வந்தது. ஹேண்டில் வளைந்து, ஒரு பக்கம் முழுவதும் உரசியிருந்தது. பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடினோம். அம்மா அந்தப் பக்கமே போகமாட்டாள். துணி காயப்போட மாடிக்குப் போகத் தொடங்கினாள். பொங்கல் முடிந்ததும் மாமாவிடம் சொன்னாள்: "அந்தச் சனியன எடைக்குப் போட்டுரு." பழைய இரும்பு எடுக்கிறவர் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு.

வண்டி எடைக்குப் போய்விட்டால் எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினாலு டிக்கும் அப்படியே இருக்கும். அந்த வாரம் நான் துறைமுகத்தில் நன்றாக வேலை செய்தேன், நன்றாகச் சாப்பிட்டேன். என்னைப் பற்றி அதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வியாழக்கிழமை நாலு நாள் லீவு கேட்டேன்.

பிரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் சிலிண்டரைத் தூக்கினேன். உள்சுவரில் ஆயில் தங்குவதற்காக அண்ணாச்சி போட்ட மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டபடியே இருந்தன, ஒரு கீறலும் இல்லை. பிஸ்டனில் உரசல் இல்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கோடு சேருகிற இடத்தில் அசையவில்லை. அந்த இடம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. ஆயில் போகாமல் உருகி ஒட்டியிருக்கிறது. மூடியைக் கழற்றி, ஆயில் போகிற துளைக்குள் கம்பியை விட்டேன். வளைவில் தட்டியது. உளுந்து அளவு ஒரு துண்டு வந்தது. பேஸ்ட். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. முதலில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்து, நாலு நாள் ஆயிலை ஓரளவு விட்டு, பிறகு அறுந்து போய் அடைத்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை இன்னும் பதினைந்து முறை மிதித்திருந்தால் போல்ட்டில் ஆயில் வந்திருக்குமா, வராமல் இருந்து எனக்குச் சந்தேகம் வந்திருக்குமா என்று தெரியாது. பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மாமாவிடம் துண்டைக் காட்டினால் துண்டைத்தான் பார்ப்பார். நீலம் பாரித்த இரும்பு அவருக்கு ஒன்றும் சொல்லாது. அதனால் அவருக்குப் புரிகிற கணக்கில் சொன்னேன். கிராங்குக்குப் புது ராடு ஏற்றித் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவருகிறேன். சிலிண்டர் அதே சிலிண்டர், பிஸ்டன் அதே பிஸ்டன். அரை மணி நேரம் ஓட்டுவோம். போர் தப்பு என்றால் மறுபடியும் இறுகும்.

"எறுகும்" என்றார் மாமா.

"எறுகலன்னா?"

"எறுகலன்னா அவரு கால்ல விழுதேன். போதுமா? நீ எதுக்குளா அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்குத?"

அண்ணாச்சிக்கும் ஆள் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. யாரும் மணி பார்க்கவில்லை. அப்பாவை நாற்காலியில் பின்கட்டு வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். போர்வை மடியில் இருந்தது. இடது பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அம்மா அவர் பின்னால் நின்றாள். மாமா சுவரில் சாய்ந்திருந்தார். அண்ணாச்சி பின்பக்கக் கதவுக்கு வெளியே, சந்திலேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

"இங்கனயே நிக்கேன். சத்தம் கேக்கும்லா."

பிளக்கைக் கழற்றினேன். ஹெட் போல்ட்டைத் தளர்த்தினேன். மிதித்தேன். எண்ணினேன். பத்தொன்பதாவது மிதியில் போல்ட்டடியில் ஆயில் ஒரு கோடாக இறங்கியது. துடைத்தேன். இன்னும் நாலு மிதி. மறுபடியும் இறங்கியது. போல்ட்டை இறுக்கி, பிளக்கை மாட்டி, தாளில் டிக் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஸ்டார்ட் செய்ய மிதித்தேன். பிடிக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றுமில்லை.

"பாத்தியா? உயிரே இல்ல" என்றார் மாமா. "போர் போட்ட லெச்சணம் அப்பிடி. நா அன்னைக்கே சொன்னேன்."

சந்தில் நின்ற அண்ணாச்சி கதவுப் பக்கம் ஓரடி வந்தார்.

எட்டாவது முறை மிதிக்கக் காலைத் தூக்கியபோது டேங்குக்கு அடியில் பார்த்தேன். பெட்ரோல் திருகு மூடியிருந்தது. புதிதாகக் கழுவி மாட்டிய கார்புரேட்டரில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. நாள் முழுக்க மிதித்தாலும் ஓடாது. நான் நிற்கிற பக்கத்திலிருந்து எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

அந்த எஞ்சின் ஓடினால் தப்பு என்னுடையது. ஓடாவிட்டால் அண்ணாச்சியுடையது. இன்னும் பத்து மிதி மிதித்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும். இரும்புக்காரர் புதன்கிழமை வருகிறார். ஓடக் கூடாது என்று நான் விரும்பினேன். ஒரு வண்டியைப் பூட்டியவள் அப்படி விரும்புவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூடிய திருகோடு இரண்டு முறை மிதித்தேன். எட்டாவதும் ஒன்பதாவதும் தெரிந்தே மிதித்தவை.

பிறகு குனிந்து திருகைத் திறந்தேன். பெட்ரோல் இறங்கக் காத்திருந்தேன். மிதித்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை ஓட்டினோம், நடுவில் சூடு ஆற விட்டு. இரண்டாம் தடவையில் அண்ணாச்சி உள்ளே வந்து வண்டிப் பக்கம் குத்தவைத்துக் காதைக் கொடுத்தார். மூன்றாம் தடவையில் மாமா தானே ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து முறுக்கினார், நான் தடுக்கும் வரை. சத்தம் ஒரே சீராக இருந்தது. நிறுத்தியதும் பின்கட்டில் சூடான ஆயில் வாடை மட்டும் இருந்தது.

"சரி, போர்ல தப்பு இல்ல" என்றார் மாமா. "பெறவு என்னதான்? வெள்ளத்துல கெடந்த வண்டி. அது தலையெழுத்து."

அங்கேயும் நிறுத்தியிருக்கலாம். மாமா எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"பேஸ்ட் அதிகமாப் போட்டது நான். அது ஆயில் வழிய அடச்சிட்டு" என்றேன். "ஆயில் ஏறுதான்னு பாக்காம ஸ்டார்ட் பண்ணுனதும் நான். அந்தத் தாள்ல ஒம்பதாவது டிக்கு பொய். சாயந்திரம் ஒக்காந்து போட்டது."

மாமாதான் அண்ணாச்சியைக் காட்டி முதலில் வாய் திறந்தார்.

"இத ஏன்ளா இவரு முன்னால சொல்லுத?"

"இவருக்குத்தான மாமா சொல்லணும்."

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியைத் தட்டினார். என்னைப் பார்த்து, "அஞ்சு மாசம் பாப்பா" என்றார். பின்பக்கமாகவே போனார்.

அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அன்று அவள் மணி சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நாந்தான..." என்று தொடங்கினாள். அப்பா கையை உயர்த்தினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா என்னிடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கடையில் சரக்கு விவரம் கேட்கிற குரல்தான்.

"இன்னைக்கு எத்தன மிதியில ஆயில் வந்துச்சி?"

"பத்தொம்பது."

"அன்னைக்கு எத்தன மிதிச்ச?"

"ஏழு. இல்லாட்டி எட்டு."

"மிச்சம் மிதிக்க எவ்வளவு நேரம் ஆவும்? ஒரு நிமிசம்?"

"ஆவாதுப்பா."

அப்பா தலையாட்டினார். பிறகு தன்னை உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

இப்போதைய நிலை இது. அப்பாவுக்குச் செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறது; புண்ணாவதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட முடியவில்லை. கடையை அம்மா திறக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் எனக்குப் போன் செய்வதில்லை. மாமா அண்ணாச்சியின் காலில் விழவில்லை. அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். திருச்செந்தூருக்குச் சிலிண்டர் அனுப்பிய இரண்டு மெக்கானிக்குகளிடமும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் அண்ணாச்சியிடம் திரும்பி வந்துவிட்டார், மற்றவர் வரவில்லை. அண்ணாச்சியை ஒரு முறை சந்தையில் பார்த்தேன். என்னைக் கண்டும் காணாதது போல் போனார். வண்டியை மறுநாள் ஹேண்டிலை நிமிர்த்தி நானே பழையகாயல் தாண்டி ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஒரு கோளாறும் இல்லை. இப்போது எடைக்குப் போகாமல் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது, ஓடுகிற நிலையில் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அப்பா என்னோடு பேசுகிறார். வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை.